ஹங்கர்மேப் லைவ்: கேட்டறிந்த பசியும் கணித்த பசியும்

இரண்டு வருடம் ஓர் உதவி நிறுவனத்துக்காக ஃபோனில் சர்வே எடுத்தேன். "போன ஏழு நாளில் பருப்பு எத்தனை நாள் சாப்பிட்டீர்கள்? பால்? எண்ணெய்?" என்று வரிசையாகக் கேட்க வேண்டும். நாட்களை மதிப்பெண்ணால் பெருக்குவோம்: தானியத்துக்கு 2, பருப்புக்கு 3, பால், இறைச்சிக்கு 4, எண்ணெய்க்கு அரை. வழக்கமான அளவுகோலில் கூட்டுத்தொகை 35-ஐத் தாண்டாவிட்டால் அந்த வீட்டில் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம். ஒரு நாள் ஓர் அம்மா பருப்புக் கேள்வியில் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளைங்க சாப்பிட்டதைச் சொல்லட்டுமா, நான் சாப்பிட்டதைச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் நடத்தும் ஹங்கர்மேப் லைவ் வரைபடத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் நினைவுக்கு வரும். 90-க்கும் மேற்பட்ட நாடுகளின் பசி நிலவரம் அதில் இருக்கிறது. இலவசம். சில நாடுகளில் இப்படி ஃபோனில் கேட்டுத் திரட்டிய விவரம். கேட்க வழியில்லாத இடங்களில் மழை, பயிர்களின் பசுமை, சந்தை விலை, மோதல்கள், மக்கள்தொகை எல்லாவற்றையும் வைத்து செயற்கை நுண்ணறிவு கணித்துச் சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, அது சர்வேயா கணிப்பா என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது. சண்டை நடக்கும் ஊரில் டவர் விழுந்துவிட்டால் ஃபோனை எடுக்க ஆளே இருக்காது. நிலைமை மோசமாக மோசமாக நேரடிப் பதில்கள் குறையும், கணிப்பைத்தான் நம்ப வேண்டியிருக்கும். கணிப்பே இல்லாமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிரும்போது அந்த ஒரு வரி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. நிதி ஒதுக்கும் கூட்டங்களில் இதைப் பல தடவை பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

வரைபடத்தின் மேல் மோதல் நடக்கும் இடங்களைக் காட்டும் அடுக்கையும் போட்டுப் பாருங்கள். பசியும் சண்டையும் ஒரே இடத்தில் கிடப்பது கண்ணுக்குத் தெரியும். மக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாக்குவதை 2018-லேயே ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2417-ஆம் தீர்மானம் கண்டித்திருக்கிறது. சமரசம் பேச உட்காருகிறவர்கள் மேசையில் இந்தப் படம் கட்டாயம் இருக்க வேண்டும்.

மொபைலில் திறக்க நேரமெடுக்கிறது, கணினியில் பாருங்கள். அப்புறம், கணிப்பு என்று போட்டிருந்தால் நான் அதோடு விடமாட்டேன். அந்தப் பக்கத்தில் யாராவது ஒருவரை ஃபோனில் பிடித்து, பருப்பு எத்தனை நாள் என்று கேட்டுவிடுவேன்.