ஓவன் சொல்வது 180, உள்ளே இருப்பது 150

சமையலறை அலமாரிக்குள் பொருத்தும் மின்சார ஓவன் ஒன்றைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். சூடேறும் வேகம், விசிறி, கதவு எதிலும் குறையில்லை. படுத்தியது பின்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன உலோகக் குச்சி, அதாவது வெப்பநிலை சென்சார்.

அது ஒரேயடியாகச் செத்திருந்தால் நல்லது. வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ திரையில் எரர் காட்டி ஓவன் நின்றுவிடும். என்னுடையது வேலை செய்துகொண்டே தப்புக் கணக்கு சொன்னது. கேக் மேலே வெளுத்தே இருக்கும், நடுவில் அமுங்கும். நேரத்தைக் கூட்டினால் காய்ந்துபோகும்.

கம்பித்தட்டில் தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். சூடேறி விளக்கு அணைந்ததும் பார்ப்பதில் பயனில்லை. ஓவன் குறித்த சூட்டுக்கு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் விட்டு, கண்ணாடி வழியாகவே அவ்வப்போது பார்த்தேன். 180 வைத்தால் 150-ஐ ஒட்டியே நின்றது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் சர்க்கரை போதும். அது 186 டிகிரி வாக்கில் உருகும். 200-ல் கால் மணி நேரம் வைத்தும் என் சர்க்கரை வெள்ளையாகவே கிடந்தது.

வந்த சர்வீஸ் ஆள் எதையும் திறக்காமலேயே, "போர்டு போயிடுச்சு மேடம், மாத்தணும்" என்றார். ஓவனைக் கட்டுப்படுத்தும் அந்த எலக்ட்ரானிக் போர்டின் விலையில் ஒரு ஓடிஜியே (மேடைமேல் வைக்கும் சின்ன ஓவன்) வாங்கிவிடலாம். அவரை அனுப்பிவிட்டு, மின்தடையை அளக்க மல்டிமீட்டரை எடுத்தேன்.

என் ஓவனில் இருப்பது பிடி1000 வகை, அதாவது பிளாட்டினம் சென்சார். பிளாட்டினம் சூடாக ஆக அதன் மின்தடை ஏறும்: 0 டிகிரியில் 1000 ஓம், அப்புறம் டிகிரிக்குக் கிட்டத்தட்ட 3.85 ஓம். அறைச்சூடு 30 என்றால் 1117 வர வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்து, ஓவனை இருவராக வெளியே இழுத்து, பின்னால் சென்சார் பிளக்கைக் கழற்றி அளந்தால் 1230! தடை கூடியதால் உள்ளே 30 டிகிரி அதிகம் என்று போர்டு நம்புகிறது, ஹீட்டரைச் சீக்கிரமே அணைக்கிறது. பாவம், போர்டு மேல் தப்பே இல்லை. பிளக்கில் களிம்போ என்று முனைகளைச் சுரண்டித் துடைத்தும் எண் இறங்கவில்லை. ஆக, கோளாறு சென்சாரில்தான்.

மாற்றுவது எளிது, இரண்டே ஸ்க்ரூ. பழையதை உருவும் முன் வயர் நுனியில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள், புது வயரை அதே ஓட்டை வழியாக இழுக்க உதவும். ஒரே உருவத்தில் பிடி500 சென்சாரும் கடையில் கிடைக்கும், ஆகவே ஓம் பார்த்து வாங்க வேண்டும். சில ஓவன்களில் சூடாக ஆகத் தடை குறையும் என்டிசி வகை இருக்கும், அதற்கு மேலே சொன்ன எண்கள் பொருந்தாது. சாதாரண ஓடிஜி குமிழில் இருப்பது தெர்மோஸ்டாட், அது வேறு கதை.

இப்போது 180 வைத்தால் 175-க்கும் 190-க்கும் நடுவே ஆடுகிறது. வீட்டு ஓவனுக்கு அது சகஜம். எனக்கு மிச்சமிருக்கும் குறை தயாரிப்பாளர் மேல்தான்: பத்து டிகிரி கூட்டிக் குறைத்துத் திருத்திக்கொள்ளும் வசதி மெனுவில் இல்லை, கையேட்டில் சென்சாரின் பார்ட் நம்பரும் இல்லை. மற்றபடி இதே ஓவனை மறுபடியும் வாங்குவேன்.