குழாய் முனை ஏரேட்டர்: அணைக்கு மாற்றா?

குழாய் முனையில் மாட்டி, தண்ணீரில் காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும் சின்னச் சல்லடை மூடிதான் ஏரேட்டர். நான் வாங்கியதில் நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று உறையில் போட்டிருந்தது. லிட்டர் குவளையைப் பிடித்துப் பார்த்தேன். பத்து வினாடியில் நிரம்பியது, சொன்னது சரிதான். காற்று கலந்து வருவதால் கை கழுவும்போதும் பாத்திரம் கழுவும்போதும் வேகம் குறைந்ததே தெரியவில்லை. வாளி பிடிக்கத்தான் எரிச்சல். அதில் மிச்சமும் கிடையாது, வாளிக்கு வேண்டியது வேண்டியதுதான். உப்புத் தண்ணீரென்றால் சல்லடை அடைத்துக்கொள்ளும், கழற்றி வினிகரில் ஊறப்போட வேண்டும். வாஷர் படுமட்டம்.

வீட்டுக்கு வீடு இதை மாட்டினால் பெரிய அணையே வேண்டாம் என்பவர்களோடு நான் பாதி தூரம்தான் வருவேன். உலகில் எடுக்கப்படும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. அங்கே சொட்டுநீர்ப் பாசனத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். ஆனால் நகரத்துக் குடிநீரைக் காட்டி அணை கேட்பவர்கள், முதலில் குழாய்க் கசிவை அடைத்து, இந்த முனையையும் கணக்கில் சேர்க்கட்டும். அணைகளால் 4 முதல் 8 கோடிப் பேர் இடம்பெயர்ந்ததாக உலக அணைகள் ஆணையம் 2000-இல் மதிப்பிட்டது. ஏரேட்டருக்காக யாரும் ஊரைக் காலி செய்ததில்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். வாஷருக்காக ஒன்று வெட்டு.