நானோட்யூப் ஃபிலிம் ஒளிரணுமா? ஜெல், சென்ட்ரிஃப்யூஜ், பி.எஃப்.ஓ – எது சரி

சிலிக்கான் சிப்புக்கு வெளிச்சம் தர்ற ஃபிலிம் செய்ய கார்பன் நானோட்யூப்ப, அதாவது கார்பன் அணுக்களால ஆன ரொம்ப மெல்லிய குழாய்கள, எப்படி சுத்தம் பண்ணலாம்னு பாக்கலாம். இத வளர்த்து எடுத்தா பொதுவா மூணுல ஒண்ணு மெட்டாலிக் (உலோகம் மாதிரி), மீதி தான் ஒளிரக்கூடிய செமிகண்டக்டர், எல்லாம் கட்டுக்கட்டா ஒட்டிக்கிட்டு கிடக்கும். அந்தக் கட்டுல ஒரு மெட்டாலிக் ட்யூப் இருந்தாலும் போதும், பக்கத்து ட்யூப்ல உருவாகுற எக்ஸிட்டான (வெளிச்சமா மாற வேண்டிய எலக்ட்ரான்-ஹோல் ஜோடிய) அது இழுத்துக்கும், வெளிச்சம் செத்துடும். 2002-ல ரைஸ் யுனிவர்சிட்டில சர்ஃபாக்டன்ட் (சோப்பு மாதிரி பொருள்) போட்டு ட்யூப்ப தனித்தனியா பிரிச்சப்போ தான் ஃப்ளூரசென்ஸ், அதாவது ட்யூப் ஒளிர்றது, தெளிவா தெரிஞ்சுது. ஆக சுத்திகரிப்பு தான் இங்க எல்லாமே.

வேகமா சுத்திப் பிரிக்குற சென்ட்ரிஃப்யூஜ் வழி 2006-ல நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டில வந்தது. அடர்த்தி வித்தியாசத்துல ட்யூப்கள் கலர் கலரா பட்டை பட்டையா பிரியும், பார்க்கவே அவ்ளோ அழகு, ஆனா மணிக்கணக்கா சுத்தணும், கிடைக்கிறது துளியூண்டு. ஜெல் நிரப்பின குழாய் (column) வழியா ட்யூப்ப ஓட விட்டுப் பிரிக்குறது அதைவிட வேகம், அளவையும் கூட்டலாம். ரெண்டுலயும் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒண்ணு தான்: தண்ணி, சர்ஃபாக்டன்ட். பெரும்பாலும் சோடியம் உப்பு தான் அது, ஃபிலிம்லயும் தங்கிடும், சிலிக்கான் சிப் செய்யுற இடத்துல சோடியத்த வாசல்லயே நிறுத்திடுவாங்க.

அதனால என் ஓட்டு பி.எஃப்.ஓ (PFO, பாலிஃப்ளூரீன் வகை) பாலிமருக்கு தான். அத டொலுயீன்ங்கிற கரைப்பான்ல ட்யூப் பவுடரோட போட்டு சோனிகேட் பண்ணி (அல்ட்ராசவுண்டால கலக்கி) சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்துனா பாலிமர் சில வகை செமிகண்டக்டர் ட்யூப்ப மட்டும் கட்டிப்பிடிச்சு மேல நிக்கும், மெட்டாலிக் எல்லாம் அடியில போயிடும், மேல இருக்குறத எடுத்து நேரா ஸ்பின் கோட் (சுழல விட்டு மெல்லிசா பூசுறது) பண்ணிக்கலாம். இப்படி எடுத்த ஃபிலிம்ல தான் 2010-ல பாரிஸ்-சுட் குழு ஆப்டிகல் கெயின், அதாவது லேசருக்குத் தேவையான ஒளிப் பெருக்கம், காட்டுனாங்க. குறையும் இருக்கு, மிச்ச பாலிமர கழுவி எடுக்கணும், அப்புறம் சோனிகேஷன் ஓவரா போனா ட்யூப் துண்டாகி எக்ஸிட்டான் முனையில போய் அணைஞ்சுடும், அதுக்கு ஷியர் மிக்ஸிங் (சுழலுற பிளேடால கலக்குறது) எவ்வளவோ தேவல.

ஒண்ணு கவனிங்க, ரொம்ப சுத்தமா கிடைக்குற 6,5 ட்யூப் (இந்த எண்கள் ட்யூபோட அமைப்பக் குறிக்கும்) ஒளிர்றது 1000 நானோமீட்டர் பக்கம், அத சிலிக்கானே உறிஞ்சிடும். சிலிக்கான் வேவ்கைடுக்கு (சிப்ல ஒளிய நடத்திட்டுப் போற பாதைக்கு) 1300 நானோமீட்டர் பக்கம் ஒளிர்ற 8,7 மாதிரி ட்யூப் வேணும், பி.எஃப்.ஓ அதையும் பிடிச்சுக் கொடுக்குது. கரண்ட்ல ஓடுற லேசர் இன்னைக்கே வேணும்னா இண்டியம் பாஸ்பைடுங்கிற செமிகண்டக்டர் பக்கம் போங்க, நானோட்யூப்ல குவாண்டம் ஈல்ட் (உறிஞ்சுற ஒளில எவ்வளவு திரும்ப வெளிய வருதுங்கிற விகிதம்) பொதுவா இன்னும் சில சதவீதத்துல தான் திணறுது.