பீங்கான் காவலியா, சிலிக்கன் இறப்பர் காவலியா?

வன்னியில் ஆவணி, புரட்டாதி முழுக்க மின் லைன் காவலிகளில் (கம்பியைத் தாங்கி, மின்சாரம் கம்பத்துக்குப் பாயாமல் தடுப்பவை) செம்புழுதி படிந்து கிடக்கும். காய்ந்த புழுதியால் கெடுதியில்லை. பெருமழை அதைக் கழுவிவிடும். முதல் தூறல்தான் வில்லங்கம். பீங்கானில் நீர் படலமாக விரிந்து, புழுதியிலுள்ள உப்பைக் கரைக்கும். கசிவு மின்னோட்டம் ஓடி, பொறி பறந்து, லைனில் மின் தடைப்படும். மன்னார்க் கரையில் கடலுப்பும் சேர்ந்துவிடும், சொல்லவே வேண்டாம்.

சிலிக்கன் இறப்பரில் நீர் தாமரை இலையில் போல உருண்டு, துளித்துளியாகவே நிற்கும். அதிலும் கெட்டித்தனம் என்னவென்றால், உள்ளிருந்து மெல்லக் கசியும் சிலிக்கன் எண்ணெய், மேலே படிந்த புழுதியையும் நீர் ஒட்டாததாக்கிவிடும். (காவலிக்குப் பயன்படும் இன்னொரு செயற்கை இறப்பரான ஈ.பி.டி.எம்.முக்கு இந்தக் குணம் இல்லை, வாங்குகிறவர்கள் கவனிக்க.) பாரமும் மிகக் குறைவு. 132 கிலோவோல்ட் கோபுரத்தில் ஏறுகிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பீங்கானின் பலம் ஆயுள். வெயிலோ பொறியோ அதை இலேசில் அரிக்காது. சிலிக்கனுக்குள் இருப்பதோ எபொக்சிப் பிசினில் பதித்த கண்ணாடி நார்த் தண்டு. முனைச் சீல் விட்டு ஈரம் புகுந்தால், உள்ளே அமிலம் உண்டாகி, வெளியே ஒன்றும் தெரியாமலே தண்டு அரிபட்டு முறியும். கம்பி நிலத்துக்கு வந்துவிடும். அமிலம் தாங்கும் கண்ணாடி நாரைக் கேட்டு வாங்கினால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

என்னைக் கேட்டால், கரையோரத்துக்குச் சிலிக்கன்தான். கடலை விட்டு உள்ளேயுள்ள மாங்குளம், நெடுங்கேணிப் பக்கம் ஒழுங்காகத் தொங்கும் பீங்கானைக் கழற்றத் தேவையில்லை.