லூத்ரோவில் ஒரு பகல்: கடற்கரையா, பள்ளத்தாக்கா, துடுப்புப் படகா?

கிரேக்க நாட்டின் கிரீட் தீவின் தென்கரையில் உள்ள லூத்ரோவுக்குக் கார் வராது. கோரா ஸ்ஃபாகியோனிலிருந்து படகில் சுமார் 20 நிமிடம், மலையோரமாக நடந்தால் 2 மணி நேரத்துக்கு மேல். சின்னக் குடா, வெள்ளை வீடுகள், நீரோரம் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். ஊரே அவ்வளவுதான். சுற்றிலும் பார்க்க இருப்பது எல்லாமே அழகு என்பதால், எதற்குப் போவது என்பதை வெயிலையும் கடைசிப் படகின் நேரத்தையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

லூத்ரோவிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் நடந்தால் கிளிக்கா நெரா கடற்கரை. செங்குத்துப் பாறையின் அடியில் நீண்ட கூழாங்கல் கரை. கல்லை ஒரு சாண் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். முதலில் கலங்கலாக வரும், சற்று நேரம் விட்டால் தெளிந்துவிடும். இந்த ஊற்று கடலிலும் கலப்பதால் கரையோரக் குளியல் சில இடங்களில் சில்லென்று இருக்கும். இரண்டு எச்சரிக்கைகள். நிழலுக்கு ஆசைப்பட்டுப் பாறையை ஒட்டிப் படுக்காதீர்கள், மேலே மேயும் ஆடுகள் கல்லை உருட்டிவிடும். உடையில்லாமல் குளிப்பவர்கள் வெகுகாலமாக வரும் கரை இது. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது. இங்கிருந்து ஸ்ஃபாகியோன் வரையுள்ள மீதிப் பாதை பாறையைக் குடைந்து வெட்டியது, ஒரு பக்கம் கடல். தலை சுற்றுபவர்கள் படகிலேயே திரும்பட்டும்.

மர்மரா கடற்கரை லூத்ரோவுக்கு மேற்கே இருக்கிறது. ஃபீனிக்ஸ், லிகோஸ் குடாக்களைக் கடந்து ஒன்றரை மணி நேரம். லிகோஸின் கடைசி உணவகத்தைத் தாண்டியதும் பாதை பாறைமேல் ஏறும். கடலோரமாகவே போய்விடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் வழி தவறுவார்கள், வண்ணக் குறியைப் பார்த்து ஏறுங்கள். கரை மிகச் சிறியது, படகுக் கூட்டம் வந்தால் துண்டு விரிக்க இடம் இருக்காது. ஆனால் இரு பக்கமும் அடுக்கடுக்கான பளிங்குப் பாறை, அதில் கடல் குடைந்த குகைகள். முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு நீந்தியே உள்ளே போகலாம். பாறை மேலே ஓர் உணவகமும் உண்டு. ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறது என்றால் என் ஓட்டு இதற்குத்தான்: விடிந்ததும் நடந்து போய், மதியத்துக்கு மேல் படகில் திரும்பலாம். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்பதை முதல் நாள் மாலையே துறையில் கேட்டுவிடுங்கள்.

கால் வலுவுள்ளவர்களுக்கு அராதெனா பள்ளத்தாக்கு. இது மர்மராவில்தான் வந்து முடியும். அதன் மேல்முனைக்கு நடந்தே போவதானால், லூத்ரோவிலிருந்து மலைமேல் உள்ள அனோபோலி ஊருக்கே சுமார் 600 மீட்டர் ஏற்றம், நிழலே கிடையாது. அதில் சக்தியைச் செலவழிப்பதைவிட முதல் படகில் ஸ்ஃபாகியோன் போய், டாக்சியில் மேலே அராதெனா ஊருக்கு ஏறிவிடுவது புத்திசாலித்தனம். அங்கே பள்ளத்தாக்கின் குறுக்கே 1986-இல் கட்டிய இரும்புப் பாலம். வண்டி போகும்போது தளத்துப் பலகைகள் தடதடவென்று அதிரும், கீழே எட்டிப் பார்த்தால் வயிறு கலங்கும். இறங்க இரண்டரை முதல் 3 மணி நேரம். நடுவில் பெரும் பாறைகள் வழியை அடைக்கும் இடத்தில் முன்பு இரும்பு ஏணிதான், இப்போது பக்கவாட்டில் பாதை போட்டிருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு 3 லிட்டர் சுமந்தே ஆக வேண்டும். கூழாங்கல்லில் கணுக்கால் பிசகுவதுதான் இங்கே வழக்கமான விபத்து, செருப்போடு இறங்காதீர்கள். மழைக்கு மறுநாள் போகவே வேண்டாம்.

சமரியா பள்ளத்தாக்கு பெயர் பெற்றது, ஆனால் லூத்ரோவில் தங்கிக்கொண்டு அதன் 16 கிலோமீட்டரையும் நடக்க நினைப்பது வீண் அலைச்சல். நடை தொடங்குவது மலைக்கு அந்தப் பக்கம், சுமார் 1,230 மீட்டர் உயரத்தில். முழுதும் நடப்பதானால் முதல் நாள் இரவு நடை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்து ஊரான ஓமலோஸில் தங்குங்கள். லூத்ரோவிலிருந்து செய்யக்கூடியது, காலைப் படகில் பள்ளத்தாக்கு முடியும் கடலோர ஊரான அயியா ரூமெலி போய், கீழிருந்து இரும்புக் கதவு எனப்படும் இடுக்கு வரை ஏறித் திரும்புவது. சுவர் ஏறக்குறைய 300 மீட்டர், இடைவெளி சில மீட்டர்தான். பள்ளத்தாக்கு மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். அந்த மாதங்களிலும் மழை, கடும் வெயில் என்றால் மூடிவிடுவார்கள்.

நடக்கவே மனமில்லையா? லூத்ரோவில் துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். இங்கே அலையைவிட வடகாற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். அது மலையிலிருந்து திடீரென்று இறங்கி, கரையிலிருந்து லிபியக் கடலை நோக்கித் தள்ளும். குடாவுக்குள் கண்ணாடி மாதிரி இருக்கும் நீர், முனையைத் தாண்டியதும் வேறு முகம் காட்டும். முனைக்கு அப்பால் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் குடாவை விட்டு வெளியே போகாதீர்கள். தென்காற்று அடித்தால் பெரிய படகுகளே நின்றுவிடும், ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கும் லூத்ரோவுக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி மாட்டிக்கொண்ட நாளில் ஸ்ஃபாகியா அடை கேட்டு வாங்குங்கள்: மிசித்ரா பாலாடைக்கட்டியை மாவுக்குள் பொதிந்து மெல்லியதாகத் தட்டி, வாணலியில் சுட்டு, மேலே தேன் ஊற்றித் தருவார்கள். ஆறினால் ரப்பராகிவிடும், சுடச்சுடத் தின்றுவிடுங்கள்.