டெத் மேக்னெடிக்: பாட்டுக்குக் குறையில்லை, சத்தம்தான் வினை

அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' ஆல்பம் 2008 செப்டம்பரில் வந்தது. வந்த புதிதில் வாங்கின சிடி வீட்டிலும் வண்டியிலுமாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது போய் அதைப் பற்றி எழுதக் காரணம் ஸ்பீக்கர் ரிப்பேர். ஓரத்து ஃபோம் உதிர்ந்து போய், காந்திபுரத்தில் ஒரு கடையில் மாற்றக் கொடுத்திருந்தேன். வேலை முடிந்ததும் போட்டுப் பார்க்க ஏதாவது டிஸ்க் இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்டார். வண்டியில் இருந்த இதை எடுத்துக் கொடுத்தேன்.

முதல் பாட்டு இதயத் துடிப்போடு தொடங்கும், பிறகு மெல்ல ஒரு கிட்டார் வரும். அதுவரை சரி. மொத்த பேண்டும் உள்ளே இறங்கியதும் மனுசன் சட்டென்று வால்யூமைக் குறைத்துவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தார். வயரை ஆட்டினார். அவரிடம் இருந்த ஒரு இளையராஜா சிடியைப் போட்டார், சுத்தமாகப் பாடியது. திரும்பவும் இதைப் போட்டார். "ஏனுங்ணா, ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்லீங்க. உங்க டிஸ்க்லயேதான் கரகரன்னு கிழியுதுங்க."

மெட்டாலிகா யாரென்றே அவருக்குத் தெரியாது. உலகம் முழுக்க ரசிகர்கள் மாதக்கணக்கில் அடித்துக்கொண்ட விஷயத்தை நின்ற இடத்திலேயே சொல்லி முடித்துவிட்டார்.

சிடியில் ஒலிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் ஏற இடம் கிடையாது. அடுத்தவன் பாட்டைவிட நம்ம பாட்டு எச்சாகக் கேட்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அந்த உச்சி வரை தள்ளிவிட்டால், டிரம் அடியின் முனை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அந்தக் கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது. நாம் வால்யூமைக் குறைத்தாலும் போகாது, வெட்டினது வெட்டினதுதான். பாட்டின் பலத்த பகுதிகளின் சராசரி ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று அளக்க டிஆர் மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. இவர்களுடைய 1991 கறுப்பு அட்டை ஆல்பத்தைப் போட்டால் 10ஐத் தாண்டும். இது 3.

மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்யும் வேலையைச் செய்த டெட் ஜென்சனைத்தான் முதலில் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எல்லா வாத்தியத்தையும் குரலையும் கலந்து முடித்த மிக்ஸ் தன் கைக்கு வரும்போதே நசுங்கித்தான் வந்தது என்று அவர் சொல்லிவிட்டார். டிரம்மர் லார்ஸ் உல்ரிச்சோ ஒலி நன்றாகத்தான் இருக்கிறது என்று கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டும் அப்போது ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இதிலெல்லாம் இல்லை. 'கிட்டார் ஹீரோ 3' என்ற வீடியோ கேமுக்கும் இதே பாட்டுகளைக் கொடுத்தார்கள். அங்கே இந்த நசுக்கல் இல்லை, டிரம் தனியாக, கிட்டார் தனியாகக் கேட்கிறது. காசு கொடுத்து சிடி வாங்கினவனுக்குக் கிழிசல், பட்டனைத் தட்டி விளையாடுகிற பையனுக்குச் சுத்தமான ஒலி. இது எந்த ஊர் நியாயம்?

சோமனூரில் தறி ஓட்டும் நண்பர் ஒருவர் இதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. "நீங்க சொல்ற கரகரப்பு எனக்குக் கேக்கவே மாட்டேங்குதுங்க" என்பார். அவருக்கு எப்படிக் கேட்கும்? எல்லாத் தறியும் ஓடும்போது கொட்டகைக்குள் நின்றால் எந்தத் தறி எங்கே அடிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? இந்த ஆல்பத்தில் டிரம்மும் கிட்டாரும் அப்படித்தான் கலந்து கிடக்கின்றன, அவர் தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் வாதம் என்று வந்தால் அவரை மடக்குவது கஷ்டம். "2003ல ஸ்நேர் டிரம்ல கம்பியைத் தளர்த்திவிட்டு டங்கு டங்குனு அடிச்சுட்டு, கிட்டார் தனியா வாசிக்கற சோலோ ஒண்ணுகூட இல்லாம ஒரு ஆல்பம் விட்டாங்களே, அதுக்கு இது எவ்வளவோ தேவலைங்களே?" சரிதான், தேவலை. "1988 ஆல்பத்துல பேஸ் கிட்டாரே கேக்காது. அதை மட்டும் தலைமேல தூக்கி வெச்சுக்குவீங்க, இதை மன்னிக்க மாட்டீங்களாக்கும்?" இதற்கு எங்கள் கூட்டத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பதில் தோன்றியது. அதில் பேஸ் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இருக்கிற மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கிறது, காது சலிக்காது. ஈரோட்டு நண்பரை இதில் சேர்க்கவில்லை. அவருக்கு 1986இல் பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்ததோடு மெட்டாலிகாவும் முடிந்தது.

பாட்டு என்று பார்த்தால் கறுப்பு ஆல்பத்துக்குப் பிறகு இவர்கள் செய்ததில் எனக்கு இதுதான் முதல். தயாரிப்பாளர் ரிக் ரூபின் எண்பதுகளில் இருந்த மனநிலைக்குத் திரும்பிப் போகச் சொன்னாராம், போயிருக்கிறார்கள். கிட்டாரிஸ்ட் கிர்க் ஹாமெட்டின் சோலோக்கள் திரும்பி வந்திருக்கின்றன. 'தி டே தட் நெவர் கம்ஸ்' கிட்டத்தட்ட எட்டு நிமிடம். பாதி வரை நிதானமாக வந்து, அதற்கப்புறம் வேகம் எடுத்து இரண்டு கிட்டாரும் சேர்ந்து ஓடும் இடம் இருக்கிறதே, பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு தாண்டிப் போகும்போது அதைக் கேட்க வேண்டும். கண்ணாடியை இறக்கிவிட்டால் காற்றுச் சத்தத்திலும் டயர் சத்தத்திலும் கரகரப்பு எங்கே போனதென்றே தெரியாது. டிரம்மும் அந்த இரைச்சலை மீறிக் கேட்கும். வீட்டில் எரிச்சலூட்டுகிற அதே நசுக்கல் வண்டியில் உதவிக்கு வருகிறது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு மனசே வரவில்லை, ஆனாலும் உண்மை.

மொத்தம் பத்துப் பாட்டு, முக்கால் மணி நேரத்தில் முடித்திருக்கலாம், ஒன்றேகால் மணி நேரத்துக்கு நெருக்கமாக இழுத்திருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்டால் ஆறாவது பாட்டுக்குள் காது அசந்துவிடும், அணைத்துவிடுவேன். அதனால் கடைசி நாலு பாட்டையும் நான் வண்டியில் மட்டுமே உருப்படியாகக் கேட்டிருக்கிறேன். 'அன்ஃபர்கிவன்' என்ற பெயரில் பழைய ஆல்பங்களில் ஏற்கனவே இரண்டு பாட்டு இருக்க, இதில் மூன்றாவது தேவையே இல்லை. பாட்டு வரியில்லாமல் வாசிக்கும் 'சூசைட் அண்ட் ரிடெம்ப்ஷன்' பத்து நிமிடத்துக்குச் சற்றே குறைவு, அதில் பாதி போதும். கடைசிப் பாட்டுக்கு கிராமி கொடுத்தார்கள், கொடுக்கட்டும்.

அக்கா பையன் இப்போதுதான் இந்தப் பக்கம் வந்திருக்கிறான். "மாமா, பிற்கால ஆல்பத்துல ஒண்ணே ஒண்ணு சிடியா வாங்கறதுன்னா எது வாங்கலாங்க?" என்று கேட்டான். 2016இல் வந்த 'ஹார்ட்வயர்ட்' வாங்கச் சொன்னேன். ஒலி இதைவிடத் தெளிவு, ஸ்பீக்கரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அதில் இரண்டு பாட்டைத் தவிர ஒன்றும் என் மனசில் நிற்கவில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை. டெத் மேக்னெடிக் வேண்டவே வேண்டாம், காசுக்குக் கேடு என்றேன். "அப்படீன்னா உங்ககிட்ட இருக்கறதைக் குடுத்துருங்க மாமா" என்கிறான். அதெல்லாம் முடியாது, சனிக்கிழமை பொள்ளாச்சி போகணும்.