பவர் வராத லேப்டாப்புக்கு ராமநாதபுரத்தில் ஒரு சிப் லெவல் கடை

ராமநாதபுரம் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம், மாடியில் இயங்கும், சிப் லெவலில், அதாவது போர்டில் உள்ள சின்ன உதிரிகள் வரை பழுது பார்க்கும் இந்தச் சிறிய லேப்டாப் சர்வீஸ் கடைக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம். ‘போர்டு போச்சு, மாத்தணும்’ என்று சொல்லும் முன் இங்கே மீட்டரை எடுத்து அளக்கிறார்கள். செத்துப்போனதாகக் கைவிடப்படும் லேப்டாப்களில் பலவற்றைச் சின்னச் சின்ன உதிரிகளை மாற்றியே எழுப்பிவிடலாம் என்பதால் இது பெரிய விஷயம்.

முதல் சோதனை கவுண்டரிலேயே நடக்கிறது. பவரே இல்லையா, பவர் வந்து டிஸ்ப்ளே மட்டும் இல்லையா என்று பிரிக்கிறார்கள். ஃபேன் சுற்றினால், கேப்ஸ் லாக் விளக்கு எரிந்தால், பார்க்க வேண்டியது ரேமும் ஸ்க்ரீன் கேபிளும். எதுவுமே இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திவிட்டு, அடாப்டரை மட்டும் மாட்டிப் பார்க்கிறார்கள். அடாப்டரையும் லோடு கொடுத்து, அதாவது மின்சாரத்தை இழுக்க வைத்துத்தான் அளக்கிறார்கள். சும்மா வைத்து அளந்தால் 19.5 வோல்ட் காட்டும் பழுதான அடாப்டர், லோடு ஏறியதும் படுத்துவிடும். டைப் சி என்றால் நடுவே ஒரு மீட்டர்: 5 வோல்ட்டிலிருந்து 20க்கு ஏறாமல் நின்றால், சார்ஜரும் போர்டும் பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

கடையின் உண்மையான திறமை அடுத்த கட்டத்தில் தெரிகிறது. பேட்டரி இல்லாத போர்டுக்கு பெஞ்ச் சப்ளையில் (வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும் மேசை பவர் சப்ளை) 19 வோல்ட் கொடுத்து ஆம்பியரைப் பார்க்கிறார்கள். 0.00 என்றே நின்றால் மின்சாரம் டிசி ஜாக்கையோ முதல் மாஸ்ஃபெட்டையோ (மின்சாரத்தை விடவும் தடுக்கவும் செய்யும் ஸ்விட்ச் போன்ற சிப்) தாண்டவில்லை. ‘அண்ணே, ஜாக் வரைக்கும் 19 வருது, அதுக்கு மேல போகல’ என்று போர்டைத் திருப்பி இடத்தையே காட்டுகிறார்கள். 0.01 முதல் 0.03 வரை இருந்தால் ஸ்டாண்ட்பை லைன்கள், அதாவது லேப்டாப் ஆன் ஆகும் முன்பே வர வேண்டிய 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும், பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன. பட்டனை அழுத்தியதும் ஆம்பியர் ஏறி உடனே இறங்கினால் அடுத்து வர வேண்டிய ஏதோ ஒரு லைன் எழவில்லை. சப்ளை கொடுத்ததுமே வோல்டேஜ் சரிந்தால் மெயின் லைனில் ஷார்ட், அதாவது மின்சாரம் நேராக கிரவுண்டுக்குப் போய்விடுகிறது.

ஷார்ட் தேடும் முறையில் இவர்கள் காட்டும் நிதானம் பாராட்டத்தக்கது. 19 வோல்ட்டை அப்படியே உள்ளே தள்ளுவதில்லை. பிராசஸர் பக்கத்து மேல் மாஸ்ஃபெட் ஷார்ட்டாகியிருந்தால் அந்த 19 வோல்ட் நேராக பிராசஸருக்குள் போய்விடும். அதனால் மெயின் லைனுக்கும் பிராசஸர் காயிலுக்கும் (பிராசஸருக்கு மின்சாரம் தரும் கம்பிச்சுருள்) இடையே ரெசிஸ்டன்ஸ் பார்த்த பிறகே 1 வோல்ட் கொடுக்கிறார்கள். ஷார்ட்டான உதிரி அதில் சூடாகும். போர்டில் ஐபிஏ (சீக்கிரம் ஆவியாகும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தடவினால் எந்த இடம் முதலில் காய்கிறதோ அங்கேதான் குற்றவாளி. பல நேரம் ஒரு செராமிக் கெப்பாசிட்டர். மாற்றும்போது 25 வோல்ட் தாங்கும் உதிரியையே போடுகிறார்கள். 19 வோல்ட் லைனில் 6.3 வோல்ட் உதிரியைப் போட்டால் அது மீண்டும் வெடிக்கும். பிராசஸர் காயிலில் ஓரிரு ஓம் காட்டுவது இயல்பு. அதை ஷார்ட் என்று சொல்லி போர்டைக் கழிக்கும் கடைகளிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கமிருந்து வரும் போர்டுகளுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். காற்றோடு வந்து படியும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பேட்டரி மாட்டியிருக்கும் வரை லேப்டாப் அணைந்திருந்தாலும் சில லைன்களில் வோல்டேஜ் இருக்கும். ஈரமும் வோல்டேஜும் சேர்ந்தால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். அதிகம் அடிபடுவது ஜாக் பின்கள், யூஎஸ்பி ஓரம், பவர் பட்டன் ரிப்பன் கேபிள். பட்டன் லைனில் அழுத்தாதபோது 3.3 வோல்ட் இருந்து, அழுத்தினால் பூஜ்ஜியத்துக்கு வர வேண்டும். களிம்பு அந்த லைனை கிரவுண்டோடு இணைத்துவிட்டால் போர்டு நன்றாக இருந்தும் லேப்டாப் எழாது. இங்கே ரிப்பனைக் கழற்றி, போர்டில் பட்டன் லைனையும் கிரவுண்டையும் ட்வீசரால் ஒரு கணம் இணைத்துப் பார்க்கிறார்கள். எழுந்தால் செலவு பட்டன் போர்டோடு முடிந்தது.

கடல்நீர் பட்ட போர்டை முதலில் டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, பிறகே ஐபிஏ விடுகிறார்கள். உப்பு தண்ணீரில் கரையும், ஐபிஏவில் ஏறக்குறைய கரையாது. வெறும் ஐபிஏ பிரஷ் போட்டால் உப்பு இடம் மாறுமே தவிரப் போகாது. அரிசி மூட்டைக்குள் புதைத்து வைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

ஒரு நட்சத்திரம் குறையக் காரணங்கள் உண்டு. ஹாட் ஏர் (சூடான காற்றால் உதிரியை எடுத்து மாற்றும்) வேலை முடிந்தபின் ஃப்ளக்ஸை, அதாவது ஈயம் ஒட்டத் தடவும் பசையை, முழுக்கத் துடைப்பதில்லை. கடலோர ஈரத்தில் அந்தப் பிசுக்கே அடுத்த கோளாறுக்கு வித்து, கேட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) எழுதும் முன் பழைய டம்ப்பை, அதாவது சிப்பில் ஏற்கெனவே இருப்பதன் நகலை, சேமிக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். சீரியல் எண்ணும் விண்டோஸ் கீயும் அதில்தான் இருக்கும். கழற்றிய உதிரிகளைக் கேட்டால்தான் தருகிறார்கள்.

சோதனைக்கு 300 ரூபாய், வேலைக்குக் கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்கிறார்கள். ரசீதில் அளவுகளை எழுதித் தருகிறார்கள், அது நல்ல வழக்கம். ராமேஸ்வரத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ கொண்டுபோகிறவர்கள் அடாப்டரையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். தண்ணீர் பட்டிருந்தால் ஆன் செய்து பார்க்காமல், பின் மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு அன்றே கிளம்புங்கள்.